பச்சை டப்பா

பச்சை டப்பாவைக் கழுவிக் காயவைத்திருந்ததால், அன்று பாட்டிலிலிருந்து காப்பித்தூளை எடுத்தாள் மாலினி. கணவர் சொக்கநாதன் அதைப் பார்த்துவிட்டார்.

ஒரு வாய் குடித்ததும், "தூ, கழனித்தண்ணி! பச்சை டப்பாவுல இருக்கிற நம்ம கம்பெனித் தூள்ல போட்டுக் கொண்டா, மாலினி" என்றார்.

அதே காப்பியை உள்ளே கொண்டுபோய்ச் சூடாக்கினாள். பச்சை டப்பாவை அவர் காதில் விழும்படி திறந்து மூடினாள். பல வருடங்களாக அதற்குள் இருந்ததும் இதே மலிவுத் தூள்தான்.

"ம்ம்... இதாண்டி காப்பி!"

அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு சிரிப்பு ஓடும். இன்று வரவில்லை. பேச்சி என்ற அவள் பெயர் பட்டிக்காடாக இருக்கிறதென்று, கல்யாணத்தன்று மாலினி என்று மாற்றியது இந்த வீடுதான்.

காலி டப்பாவுக்குள் குனிந்து, "பேச்சி" என்று மெல்லக் கூப்பிட்டாள். வேறு யாரையோ கூப்பிடுவது போலிருந்தது.