தலைவர் பலகை

உச்சி வெயில் பட்டறையின் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கத் தலைவர் காரின் பின்சீட்டை விட்டு இறங்குவதாக இல்லை. ஏசியோ அனல் ஊதுகிறது. "டிரைவர்தான் கெடுத்துட்டான். நாளையிலேர்ந்து வராதேன்னுட்டேன்" என்று மூன்றாம் முறையாகச் சொல்கிறார். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். மெக்கானிக் ஏசி காஸைப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. கம்ப்ரசரும் ஓடுகிறது. முன்பக்க இடுக்கு வழியே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுகிறார். உள்ளே காற்று சட்டென்று சில்லிட்டு, மறுநிமிடமே மறுபடி சுடுகிறது. "காத்து உள்ள போக வழியே இல்லைங்களே" என்று வண்டியின் முகத்தை அடைத்திருக்கும் பித்தளைப் பலகையைத் தட்டுகிறார். 'தலைவர்' என்று முழ நீளத்துக்குப் பளபளக்கிற பலகை. அதை மாட்டிய அன்று, "கொஞ்சம் சின்னதா வைக்கலாமே ஐயா" என்ற டிரைவரிடம் "உனக்கென்னடா தெரியும்" என்று சீறியது தலைவருக்கு இப்போதா ஞாபகம் வரவேண்டும்!

நான்கு திருகுகள் கழல்கின்றன. மடிக்கு வந்து சேர்ந்த பலகையை, தலைவர் எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்துக்கொள்கிறார். குளிர்ந்த காற்று முகத்தில் தாராளமாக வீசுகிறது. "வண்டிய எடுப்பா" என்றவர், குரலைத் தொண்டைக்குள் இறக்கி, "காலையில எட்டு மணிக்கு வந்துடு" என்கிறார். டிரைவர் தன் பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறான். "நாளைக்கு வர வேண்டாம்னீங்களே ஐயா?" பட்டறையில் சுத்தியல் சத்தம் நிற்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். தலைவர் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைக்கிறார். துடைக்க அங்கே ஒரு துளி வேர்வைகூட இல்லை.