வலப்பக்கச் சில்லு

“வலப்பக்கச் சில்லுதான் உறுமுது நானா. போன மாசம்தானே ரெண்டு பக்கமும் புதுப் பேரிங் போட்டனீங்கள்?”

வாடகைக் கார் யோகலிங்கம் இதைச் சொன்னதுதான் தாமதம், ஸெய்னுதீனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. துறைமுகப் பக்கம் இருபது வருசமாகக் கராஜ் நடத்துகிற மனுசன். வேலை தங்கமான வேலை. வாய்தான் அவருடைய பேச்சைக் கேட்காது. அதிலும் அன்றைக்குக் கராஜில் நாலைந்து பேர் வேறு நின்றார்கள்.

அந்தக் காரில் இடப்பக்கச் சக்கரத்துப் பேரிங் அவரே பூட்டியது. வலப்பக்கம் செல்லத்தம்பி பூட்டியது. செல்லத்தம்பி அவரிடம் பத்து வருசமாக வேலை செய்கிறவன்.

“செல்லத்தம்பி! இஞ்ச வா. புதுப் பேரிங்கை என்ன செஞ்சாய்?”

“போட்டனான் முதலாளி.”

“போட்டதெண்டா ஒரு மாசத்தில உறுமுமா? இறக்குமதியே இல்லாத நேரம், கொழும்பெல்லாம் அலைஞ்சு எடுத்த சாமான் அது. பழசுக்குக் கிறீஸைப் பூசிப் போட்டுட்டு, புதுசை வித்துட்டாய், என்ன?”

யோகலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். செல்லத்தம்பி அவனை ஒரு பார்வை பார்த்தான். யோகலிங்கம் காரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஒரு மணித்தியாலம் தாங்கோ முதலாளி. கழட்டிப் பாக்கிறன்.”

“கள்ளனுக்கு என்ர கராஜில வேலை இல்ல. போ!”

செல்லத்தம்பி கையைத் துடைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கள்ளன் என்ற பெயர் பொழுதுபடுமுன் திருகோணமலையில் உள்ள அத்தனை கராஜுக்கும் போய்விடும். அதற்குப் பிறகு எவன் அவனை வேலைக்கு எடுப்பான்?

ஆட்கள் கலைந்த பிறகு, ஸெய்னுதீன் காரை எடுத்துக் கடற்கரை வீதியில் ஓட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினார். உறுமல் கூடியது. இடப்பக்கம் வெட்டினார். சத்தம் அடங்கிவிட்டது.

வலப்பக்கம் திரும்பினால் காரின் பாரம் இடப்பக்கச் சில்லில்தான் விழும். அப்போது சத்தம் கூடினால் கோளாறும் இடப்பக்கத்தில்தான். கராஜில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். கோபத்தில் அவர்தான் மறந்துபோனார்.

திரும்பி வந்து, ஜக் வைத்துக் காரைத் தூக்கி, இரண்டு சில்லையும் கழற்றினார். வலப்பக்கப் பேரிங் புத்தம் புதிதாக மினுங்கியது. இடப்பக்கத்தது சூட்டில் நீலம் பாய்ந்து, உருளைகள் தேய்ந்து கிடந்தது. நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கியதால் வந்த பிழை. இறுக்கியது அவருடைய கைதான்.

செல்லத்தம்பியின் அறைக்கு ஓடினார். கதவு பூட்டிக் கிடந்தது. பெட்டியோடு மூதூர் போகிற லாஞ்சுப் படகில் ஏறிவிட்டான், சொந்த ஊர் ஈச்சிலம்பற்றுக்கே போகிறானாம் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். ஸெய்னுதீனுக்கு அழுகை வந்தது. பத்து வருசம் கூடவே நின்றவனை ஒரு சொல்லால் துரத்திவிட்டாரே.

கராஜ் வாசலில் யோகலிங்கம் காருக்காகக் காத்து நின்றான். அவனைக் கண்டதும் மனுசனுக்குப் பொறுக்கவில்லை.

“உன்ர காதுக்கு என்ன வந்தது? இடப்பக்கத்துச் சத்தத்தை வலப்பக்கம் எண்டு சொல்லி, ஒரு பாவமும் அறியாதவனைக் கள்ளனாக்க வச்சிட்டியே!”

யோகலிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்ர காதில பிழையில்லை நானா. இண்டைக்குக் காலமையே செல்லத்தம்பி இந்தக் காரை ஓடிப் பாத்தவன். ‘இடப்பக்கம் முதலாளி பூட்டினது, ஆக்களுக்கு முன்னால அவர் குறுகிப் போவார், வலப்பக்கம் எண்டே சொல்லுங்கோ, நான் ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை’ எண்டு அவன்தான் சொல்லிவிட்டவன்.”