காவல் நெல்

"பதினஞ்சு நாள் வேலைய இருபது நாளா இழுத்துக்கினு கீறாங்கன்னா, உள்ள ஏதோ கீது சுலோச்சனா!"

பஞ்சாயத்துத் தலைவர் வேதாசலத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. மனைவி போட்ட சோறு அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

கன்னியப்பனின் நெல்மூட்டை ஒன்றைக் களத்துமேட்டிலிருந்து திருடிவிட்டான் பச்சமுத்து. உத்திரமேரூர் போலீசில் ஒப்படைத்தால் ஜெயில், பிள்ளைகுட்டி தெருவில் நிற்கும். அதனால் ஏரிக்கால்வாயை ஒற்றை ஆளாகத் தூர்வாரச் சொன்னது பஞ்சாயத்து. முடிக்கும்வரை வேறு கூலிக்குப் போகக்கூடாது.

காவலுக்கு யார்? "பறிகுடுத்தவன் கண்ணு அசராது" என்று கன்னியப்பனையே போட்டவர் வேதாசலம்தான். நாளுக்கு ஒரு மரக்கால் நெல், ஊர்ப் பொதுவிலிருந்து.

"தண்டனை திருடனுக்கா, ஊருக்கா?" என்று இப்போது ஊரே கேட்க ஆரம்பித்துவிட்டது.

"இன்னா கன்னியப்பா, கால்வா நகரவே இல்லியே?"

"அவன் குனிஞ்ச தல நிமிரல தலைவரே. நான் பாத்துக்கினுதானே கீறேன்?"

நம்புவாரா வேதாசலம்? அன்று சாயங்காலம் தூர்வாரிய இடத்தில், யாருக்கும் தெரியாமல் ஒரு முளைக்குச்சி அடித்துவிட்டு வந்தார். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் குச்சி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

ஆகா! மரக்கால் நெல்லுக்கு ஆசைப்பட்டு மண்ணைத் திருப்பித் தள்ளுகிறான் கன்னியப்பன். வேலியே பயிரை மேய்கிறது!

அடுத்த நாள் உச்சிவெயிலில், கால்வாய் ஓரத் தாழம்புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கட்டெறும்பு கடித்தது. அசையவில்லை.

கன்னியப்பன் கஞ்சி குடிக்க வீட்டுக்குக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததுதான் தாமதம், பச்சமுத்து அவசர அவசரமாகக் கரைமண்ணை வழித்துக் கால்வாய்க்குள் தள்ள ஆரம்பித்தான்.

"அடப்பாவி! நீயா?" பாய்ந்துபோய் மண்வெட்டியைப் பிடித்தார் வேதாசலம். "அவன் வாங்கற நெல்லுல உனக்குப் பங்காடா?"

"ஐயோ, அவருக்கு இது தெரியாது தலைவரே. சொல்லிடாதீங்க."

"சீக்கிரம் முடிச்சா நீ சூளைக்குப் போய் நாலு காசு பாக்கலாமே. பைத்தியமாடா உனக்கு?"

பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தண்டன சொன்னீங்க. நெல்லு போன அவருக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே. நான் எடுத்தத நாங்க தின்னுட்டோம். கால்வா முடிஞ்சா அவருக்குக் காவல் நெல்லு நின்னுடும். ஒரு மூட்ட நெரம்ப இன்னும் நாலு மரக்கா கொறையுது தலைவரே."

வேதாசலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. தீர்ப்பு சொன்ன அன்று இது தன் புத்தியில் ஏறவில்லையே!

தூரத்தில் கன்னியப்பன் திரும்பி வருவது தெரிந்தது.

வேதாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். கரையில் கிடந்த பெரிய மண்கட்டி ஒன்றைக் காலால் கால்வாய்க்குள் உருட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் நடையைக் கட்டினார்.