சர்வர் அறைக்குள் இருவர்

தைபேயில் எங்கள் நிறுவனத்தின் நுழைவு அட்டைகளை ஒரு திறந்தமூல மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். புதியதில் ஒருவர் கூடுதல். இரண்டும் ஒத்துவராவிட்டால் மறுநாள் யாருக்கும் கதவு திறக்காது. கூடுதலாக இருந்தவர் சர்வர்களைப் பார்த்துவந்து ஏப்ரலில் இறந்துபோன காவோ அண்ணன். இருமுறை நீக்கினேன், இருமுறையும் பெயர் திரும்பி வந்தது. 'இருக்குமிடம்: சர்வர் அறை' என்றிருந்தது.

"அங்க இருந்த பச்சைப் பொட்டலத்த நேத்து நான்தான் தின்னேன் அக்கா," என்றான் என்னுடன் வேலை பார்க்கும் யூஷாங். "தேதி வேற முடிஞ்சிருந்துச்சு."

"மெஷின் ஒழுங்கா ஓடணும்னு இந்த ஊர்ல சர்வர்மேல வெக்கிற சோளப்பொரிடா அது. உனக்கு வயிறா, குப்பைத்தொட்டியா?"

அதை மாதாமாதம் மாற்றி வைத்தவர் காவோ அண்ணன்; அவருக்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. பின்னால் வருபவர்களுக்காகக் கதவைப் பிடித்தபடி நிற்பதும் அவர் வழக்கம்.

புதுப் பொட்டலத்தோடு தனியாக உள்ளே போனேன். சர்வர்மேல் வைத்துக் கும்பிட்டேன்.

"இனி நான் பாத்துக்கறேன் அண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க."

திரும்பினேன். கதவுத் திரையில் 'உள்ளே: இருவர்' என்றிருந்தது. அட்டையை எடுக்கக் கை வரவில்லை.

கதவு தானாகத் திறந்தது. எண் 'ஒருவர்' என்று மாறியது. விட்டால் உடனே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு அது. நான் வெளியே வரும்வரை மூடவில்லை.