வெளியே கேட்ட சிரிப்பு

"பெத்த பொண்ணு உள்ளே பல் எடுக்கப் படுத்திருக்கா. இந்தம்மாவுக்கு எப்படித்தான் சிரிப்பு வருதோ!"

வேலையில் சேர்ந்து மூன்றே நாளான நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணுக்கு வயது இருபத்தாறு. மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவள். பல் வலியால் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முன்பு போன இடத்தில் நாலு பேர் அமுக்கிப் பிடித்தும் வாயைத் திறக்கவில்லையாம். அதனால் இன்று மருந்து கொடுத்து, அரைத்தூக்கத்தில் வைத்துச் சிகிச்சை. தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர். பக்கத்தில் பல் டாக்டர்.

"நீங்களும் உள்ளே வாங்கம்மா" என்று கூப்பிட்டதற்கு, "ஐயோ, நான் வரலை சிஸ்டர்" என்று போனும் கையுமாக வெளியே உட்கார்ந்தவள்தான் அந்த அம்மா. அப்போதிருந்து ஒரே கெக்கெக்கே!

பொறுக்க மாட்டாமல் நர்ஸ் வெளியே வந்தாள்.

"ஏம்மா, கொஞ்சமாவது மனசு இருக்கா? வாயை மூடிக்கிட்டு உட்காருங்க."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸ் உள்ளே திரும்பிய அரை நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் புருவம் நெளிந்தது. வாய் இறுகியது. இதயத்துடிப்பு காட்டும் கருவி படபடவென்று கூவியது.

பல் டாக்டர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "வெளியே சிரிப்பு ஏன் நின்னுடுச்சு?"

"நான்தான் டாக்டர்... அதட்டினேன்."

"அடடா! இது முழு மயக்கம் இல்லைம்மா, அவளுக்குக் காது கேட்கும். அம்மா சிரிச்சா பயப்பட ஒண்ணுமில்லைன்னு அவளுக்குக் கணக்கு. நான்தான் சிரிக்கச் சொல்லி உட்கார வச்சேன். ஓடுங்க!"

நர்ஸ் ஓடினாள்.

அம்மாவின் மடியில் போன் அணைந்து கிடந்தது. கன்னமெல்லாம் ஈரம்.

"மன்னிச்சிடுங்கம்மா. சிரிங்க, அவ உங்களைத் தேடறா."

"வரமாட்டேங்குது சிஸ்டர். என் மூஞ்சியைப் பார்த்தா அவளும் அழுதுடுவான்னுதான் உள்ளேயே வரலை. இவ்வளவு நேரம் எப்படியோ பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சிரிச்சிட்டேன்."

நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விநாடி யோசித்தாள். பிறகு தானே குதிரை கனைப்பதுபோல் சிரிக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கோணல் சிரிப்பைக் கேட்டு அம்மாவுக்கு நிஜமாகவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது:

"அப்படித்தான் கண்ணு... நல்லா வாயைத் திற."