கொக்கும் காய்ச்சலும்

“போன மாசம் ஒரு புதன்கிழமை உனக்குக் காய்ச்சல் வந்ததே, ஞாபகம் இருக்கா?”

மேனேஜர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். மேஜைமேல் அன்றைய செய்தித்தாள். அதில் முதல் பரிசு வாங்கிய புகைப்படம்: ஓடை நடுவே ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. கீழே கொட்டை எழுத்தில், எதிரே நின்றவன் பெயர்.

“நல்ல காய்ச்சல் சார். கம்பளியைப் போத்திக்கிட்டு அசையாம கிடந்தேன்.”

குழாய்க் கம்பெனியில் ஒழுகல் பார்ப்பது அவன் வேலை. நாள் முழுக்க ஒழுகாத தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, ஓடுகிற தண்ணீரை நினைத்தாலே காய்ச்சல் வந்துவிடும். அடிக்கடி வந்தது. இன்னொரு பொய் லீவு என்றால் சீட்டு கிழிந்துவிடும் என்று இதே மேனேஜர் இதே அறையில் சொல்லியும் இருந்தார்.

“தண்ணி ஏன் பால் ஊத்தின மாதிரி இருக்கு?”

“ஷட்டரை மெதுவா வெச்சா அப்படித்தான் சார்.”

“ஷட்டர் கடைக்குத்தானே இருக்கும்?”

“கேமராவுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு சார். அது ரெண்டு செகண்டு திறந்தே இருக்கணும். அதுக்குள்ள ஓடுறது, ஆடுறதெல்லாம் கரைஞ்சு புகையாயிடும். அசையாம இருக்கிறது மட்டும் அச்சடிச்ச மாதிரி விழும்.”

“அதுவரைக்கும் கொக்கு சும்மா நிக்குமா?”

“மீன் வரும்னா நாள் பூரா நிக்கும் சார். நாமதான் மூச்சு விடக்கூடாது. நான் காலையிலேர்ந்து முழங்கால் தண்ணியில...” நாக்கைக் கடித்துக்கொண்டான். “ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து, சார்.”

“ஞாயிறா?”

“சத்தியமா ஞாயிறு.”

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். வேலை போனால் வீட்டுக்காரி முதலில் கேமராவை விற்பாளா, தன்னை விற்பாளா என்று யோசித்தான். கேமராவுக்காவது நல்ல விலை வரும்.

“கொக்குக்குப் பின்னால, அந்தக் கரையில என்னது அது?” மேனேஜர் பூதக்கண்ணாடியை நீட்டினார்.

குனிந்து பார்த்தான். “பட்ட மரம் சார்.”

“மரம் தொப்பி போட்டுக்குமா?”

இன்னும் குனிந்தான். தொப்பி தெரிந்தது. கையில் தூண்டில். தொப்பிக்குக் கீழே, அச்சடித்த மாதிரி, தினமும் பார்க்கிற மீசை.

“யாரு கேட்டாலும் அந்த ஞாயித்துக்கிழமையை மட்டும் விட்டுடாதே தம்பி,” என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. “புதன்கிழமை நான் மாமியாரை அடக்கம் பண்ணிக்கிட்டிருந்ததா முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன்.”