அலுப்பே இல்லாத ரோபோ

அந்தப் பெண் செல்போன் திரையைத் தொட்டதும், பொம்மைக் கடை வாசலில் நின்ற ஐந்தடி ரோபோ வலப்பக்கம் திரும்பியது. இன்னொரு முறை தொட்டாள், இடப்பக்கம் திரும்பியது. மூன்றாவது முறை தொட்டதும் முழங்காலை மடித்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நின்றது.

“எவ்ளோ நேரம் வேணும்னாலும் விளையாடு பாப்பா,” என்றார் மேனேஜர். “அதுக்கு அலுப்பே கிடையாது.”

அலுப்பு இருந்தது. முதுகுவலியும் இருந்தது. கடை திறந்த மூன்றாம் நாளே ரோபோவின் மோட்டார் புகைந்துவிட, வயிற்றிலிருந்த சாமான்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு மேனேஜர் உள்ளே ஓர் ஆளை இறக்கியிருந்தார். அந்தக் கூட்டுக்குள் நுழைகிற உடம்பு, எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுகிற அவனுக்குத்தான் இருந்தது. எட்டு மாதம் வேலையில்லாமல் மனைவி முகத்தைப் பார்க்கவே பயந்து கிடந்தவனுக்கு, ஒல்லியாகப் பிறந்ததில் கிடைத்த ஒரே லாபம் அது.

ஏற்பாடு எளிது. இரண்டு கையிலும் ஒவ்வொரு பட்டை, இடுப்பில் ஒன்று. போனில் பொத்தானைத் தொட்டால் பட்டை அதிரும். கைப்பட்டை அதிர்ந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இடுப்பு அதிர்ந்தால் உட்கார வேண்டும், மறுபடி அதிர்ந்தால் எழ வேண்டும். மூன்றும் சேர்ந்து அதிர்ந்தால் டான்ஸ். அடுத்த அதிர்வு வரும்வரை இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும்.

“உள்ள ஆள் இருக்குன்னு ஒரே ஒரு கஸ்டமருக்குத் தெரிஞ்சாலும் அன்னிக்கே நீ வீட்டுக்குப் போயிடலாம்,” என்று முதல் நாளே மேனேஜர் சொல்லியிருந்தார். “இருமல் வந்தா முழுங்கிடு.” ஒல்லி இருமலை மட்டுமா முழுங்கினான்.

இந்தப் பெண் போன சனிக்கிழமையும் வந்தவள். ஒன்பது வயது இருக்கும், சத்தம் போடாத பிள்ளை. மற்ற பிள்ளைகள் எடுத்த எடுப்பில் டான்ஸ் பொத்தானைக் குத்துவார்கள், இரண்டு நிமிஷத்தில் சலித்துப் போய் ஓடிவிடுவார்கள். இவள் டான்ஸ் பக்கமே போகவில்லை. உட்கார வைத்தாள், காத்திருந்தாள். எழ வைத்தாள், முழுசாக நிமிர்வதற்குள் மறுபடி உட்கார வைத்தாள்.

முப்பது வரைக்கும் ஒல்லி எண்ணினான். அதற்கு மேல் தொடை எண்ணவிடவில்லை. அவளுடைய அப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, தன் போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் ஒல்லிக்குக் கோபம் வரவில்லை. அவன் மகளும் இப்படித்தான். போன மாதம் பொம்மையின் கையைத் திருகிக் கழற்றிவிட்டு, “அதுக்கு வலிக்காதுப்பா” என்று சிரித்தாள். அதே பிள்ளை, அவன் விரலில் சின்னக் கீறல் பட்டால்கூட ஊதிவிட்டு ஊதிவிட்டு அழும்.

குழந்தைக்கு என்ன தெரியும், இரும்பு என்று நினைத்து விளையாடுகிறது. மனுஷன் என்று தெரிந்தால் இந்த நிமிஷமே போனைக் கீழே வைத்துவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அந்த ஒரு நினைப்பில்தான் முழங்கால் தாங்கியது.

அப்போது முழங்கால் இடுக்கு வழியாக ஒரு சொட்டு வியர்வை பளிங்குத் தரையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொரு சொட்டு. மேனேஜர் ஒரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு நேராக இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார்.

பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் செருப்பு சரியாக அந்தச் சொட்டுகளின் மேல் விழுந்து, இப்படியும் அப்படியும் தேய்ந்து விலகியது. தரையில் ஒன்றுமில்லை. உள்ளே ஒல்லி, தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டான்.

“நெஜமாவே இது போன்லதான் நடக்குதா?” என்று கேட்டாள் அந்தக் குடும்பத்து அம்மா.

“ஆமா ஆன்ட்டி.” மேனேஜரை முந்திக்கொண்டு பெண் பதில் சொன்னாள். “நான் சொன்னதெல்லாம் கேக்கும். பாருங்க.”

இடுப்புப் பட்டை அதிர்ந்தது. உட்கார்ந்தவனை எழுப்புகிற அதிர்வு வரவேயில்லை. குடும்பம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது, தட்டிப் பார்த்தது, விலை கேட்டது. இடது முழங்காலில் ஏதோ பிசகி வலி இடுப்புவரை ஏறியபோது, ஒல்லி கீழுதட்டைக் கடித்துக்கொண்டான். வாயெல்லாம் உப்புக் கரித்தது.

ஒருவழியாக அவர்கள் இரண்டு சின்ன ரோபோக்களை வாங்க உள்ளே போனார்கள். பெண்ணின் அப்பாவும் பேச்சை முடித்தார்.

“போதும், வா. அம்மா கார்ல காத்துக்கிட்டு இருக்காங்க.”

அவள் ஒரு தடவை தொட்டு ரோபோவை எழுப்பினாள். போனை மேனேஜரிடம் கொடுத்து, “தேங்க்ஸ் அங்கிள்” என்றாள். தங்கமான பிள்ளை என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பில் போடப் போய்விட்டார்.

ஒல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் ஐந்தே நிமிஷம், சாப்பாட்டு இடைவேளை வந்துவிடும். கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுக்கலாம்.

வாசல்வரை போன பெண், அப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். சில பிள்ளைகள் போகும்போது ரோபோவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. பாவம், எட்டாதே என்று ஒல்லி யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் குனிந்துகூடக் கொடுத்தான்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவன் மூச்சுவிடுகிற வலைக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

“உள்ள ஆள் இருக்கீங்கன்னு போன வாரமே தெரியும் அங்கிள். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றாள் மெதுவாக. “உக்காருங்க.”